ஐந்து மீட்டர் தூரம்

காலை ஏழு மணி. பேருந்து நிறுத்தத்தில் மாணவர்களும் முதியவர்களும் வேலைக்குச் செல்வோரும் காத்திருக்கிறார்கள். அப்போது ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்தால் என்ன ஆகும்? அருகில் நிற்கும் அனைவரும் அந்தப் புகையைச் சுவாசிக்க நேரிடும். சாலையில் நடந்து செல்பவர் புகையைக் கண்டால் விலகிப் போய்விடலாம். பேருந்துக்காகக் காத்திருப்பவர் விலகிச் சென்றால் பேருந்தைத் தவறவிடக்கூடும்.

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோயும் இதயநோயும் வரக்கூடும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகலாம்.

இதனைத் தடுக்கச் சிங்கப்பூர் படிப்படியாக நடவடிக்கை எடுத்தது. 1970ஆம் ஆண்டிலேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. 1987ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயில்களிலும் புகைபிடிக்க அனுமதி இல்லை. வண்டிக்குள் பயணிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தாலும், காத்திருக்கும் இடத்தில் சிக்கல் தொடர்ந்தது. எனவே, 2005ஆம் ஆண்டு பேருந்து நிறுத்தங்களுக்கும் பேருந்துச் சந்திப்பு நிலையங்களுக்கும் தடை விரிவுபடுத்தப்பட்டது. ஆனால், நிறுத்தத்திற்குச் சற்று வெளியே நின்று புகைபிடித்தாலும், காற்று அப்புகையை உள்ளே கொண்டுவந்துவிடும். அதனால், 2013ஆம் ஆண்டு முதல் கூரையுள்ள பேருந்து நிறுத்தங்களைச் சுற்றி ஐந்து மீட்டர் தூரத்திற்குள்ளும் புகைபிடிக்கக் கூடாது என்ற விதி நடப்புக்கு வந்தது. விதியை மீறுவோர் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டால், 1,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

புகைபிடிப்பது தனிமனித விருப்பம் எனச் சிலர் வாதிடுவர். பிறரைப் பாதிக்கும் இடத்தில் புகைபிடிக்க வேண்டாம் என்பதே இவ்விதியின் நோக்கம். பெரியவர் ஒருவர் தம் விருப்பப்படி புகைபிடிக்கிறார். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையோ புகையைச் சுவாசிக்க விரும்பி அங்கு வரவில்லை. அக்குழந்தையின் நலனையும் எண்ணிப் பார்ப்பது பெரியவர்களின் கடமையாகும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதிகாரிகள் நின்று கண்காணிக்க முடியாது. பிறர்மீது அக்கறை கொண்டவர்கள் யாரும் சொல்லாமலே விதியைப் பின்பற்றுவார்கள். ஐந்து மீட்டர் என்பது ஏழெட்டுக் காலடிகள் எடுத்துவைக்கும் தூரம்தான். புகைபிடிப்பவர் அத்தூரத்தைத் தாண்டிச் சென்றால், நிறுத்தத்தில் நிற்பவர்கள் நல்ல காற்றைச் சுவாசிக்கலாம்.