மேட்டில் தெரியும் கிளட்ச் கோளாறு

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் சென்றவர்களுக்குக் கியா பார்ம் சந்தையின் நெரிசல் நன்கு தெரியும். பிரிஞ்சாங்கிலிருந்து வரும் சாலை மேடாக ஏறுகிறது. இருபுறமும் ஸ்ட்ராபெரி, சோளம், காய்கறிக் கடைகள். வாகனங்கள் ஊர்ந்து நகர்கின்றன. கையால் கியர் மாற்றும் மகிழுந்தின் ‘கிளட்ச்’ தன் குறையை முதன்முதலில் காட்டுவது பெரும்பாலும் இத்தகைய மேட்டில்தான். சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்திருந்த பழுது, கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே உள்ள இவ்வூரில் வெளிப்பட்டுவிடும். அதற்குக் காரணம் உயரம் அன்று, ஏற்றமும் நெரிசலும்தான்.

இயந்திரத்தோடு சேர்ந்து கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று ஓயாமல் சுழல்கிறது. அதனருகே, கியர்ப் பெட்டிக்குச் செல்லும் தண்டில், கிளட்ச் தட்டு பொருத்தப்பட்டுள்ளது. வில்லின் விசையால் அழுத்தத் தட்டு இதனைச் சக்கரத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது. கிளட்சை மிதித்தால் பிடி விடுகிறது. காலை எடுத்தால் மீண்டும் பிடிக்கிறது. பாதி மிதித்த நிலையில் தட்டு சக்கரத்தில் வழுக்கி உராய்கிறது. அந்த உராய்வு சூட்டை உண்டாக்குகிறது.

நெரிசலில் பலர் செய்யும் தவறு இதுவே. பிரேக்கை மிதித்து நிற்க வேண்டிய இடத்தில், கிளட்சைப் பாதி விட்டு, முடுக்கியை இலேசாக மிதித்து, வாகனத்தை மேட்டிலேயே தாங்கிப் பிடிக்கின்றனர். சிறிது நேரத்தில் தீய்ந்த வாடை வீசும். வாடை வந்தவுடன் கிளட்ச் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. மேடு ஏறும்போது வந்தால் பெரும்பாலும் கிளட்ச்; நெடுந்தொலைவு இறங்கிய பின் வந்தால் பெரும்பாலும் பிரேக்.

தேய்ந்த தட்டின் தெளிவான அடையாளம் வேறு. முடுக்கியை மிதித்தால் இயந்திரத்தின் இரைச்சல் கூடும். சுழற்சியைக் காட்டும் முள்ளும் மேலே ஏறும். ஆனால், வேகம் மட்டும் கூடாது. ஐயம் இருந்தால், சமதரையில் முன்னே ஆளில்லாத இடத்தில் கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பார்க்கலாம். நல்ல கிளட்ச் இயந்திரத்தை உடனே அணைத்துவிடும். தேய்ந்ததோ இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிடும். இச்சோதனையை ஒருமுறை செய்தால் போதும்; திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே தட்டைத் தேய்த்துவிடும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மிதித்தும் பிடி விடாவிட்டால், ரிவர்ஸ் கியர் ‘கரகர’ என்று அரைக்கும். முதல் கியர் விழாது. கேபிள் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் விசையால் இயங்கும் வாகனமாயின் எண்ணெய் கசிந்திருக்கலாம். மலைப்பாதையில் இது வழுக்கலைவிட ஆபத்தானது. தாப்பாவை நோக்கி இறங்கும் வளைவுகளில் குறைந்த கியருக்கு மாற்ற முடியாமற்போனால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுமை முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறினால் அதன் பிடியும் தளரும். கிளட்சை மிதித்தபடியே இறங்கும் ஓட்டுநரும் இதே ஆபத்தைத் தாமாகவே வரவழைத்துக்கொள்கிறார்.

கியா பார்ம் அருகில் பிரிந்து, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் சாலை இன்னும் குறுகலானது. எதிரே வாகனம் வந்தால் ஒதுங்கி நின்று மேட்டில் மீண்டும் புறப்பட வேண்டும். அப்போது வண்டி நடுங்கினால், தட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம்; சக்கரத்தின் மேற்பரப்பு சூட்டால் கெட்டிருக்கலாம். ஒலியும் ஒரு துப்புதான். கிளட்சை மிதிக்கும்போது இரைந்தால், பிடியை விடுவிக்கும் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தவுடன் இரைச்சல் நின்றால், பழுது கியர்ப் பெட்டியின் பேரிங்கில் இருக்கலாம்.

பட்டறையில் அடிக்கடி கேட்கக்கூடிய உரையாடல் ஒன்று உண்டு.

“அண்ணே, தட்டை மட்டும் மாத்தினா போதாதா? மற்றதெல்லாம் எதுக்கு?”

“தம்பி, தட்டை எடுக்கவே கியர்ப் பெட்டியை இறக்கணும். கூலியில பெரும்பங்கு அதுக்குத்தான். பழைய பேரிங்கை அப்படியே விட்டு மூடி, அது ஆறு மாசத்துல இரைஞ்சா, அதே பெட்டியை மறுபடியும் இறக்கணும். அந்தக் கூலியை யாரு குடுப்பா?”