ஒலியைக் கெடுத்தால் இசையா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சென்ற கோடை விடுமுறையில், சென்னையில் பணிபுரியும் என் பெரியப்பா மகன் கொல்லிமலையில் உள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தார். கிட்டார், பேட்டரியில் இயங்கும் சிறு ஒலிபெருக்கி, காலால் அழுத்தி இயக்கும் இரண்டு 'எஃபெக்ட் பெடல்'கள் ஆகியவற்றையும் கொண்டுவந்தார். முதல் பெடலை அழுத்தித் தந்தியை மீட்டியதும் ஒலி கரகரத்தது. திண்ணையில் இருந்த தாத்தா, "நல்லா இருக்கிற சத்தத்தை ஏன்டா கெடுக்கறீங்க?" என்றார். இயற்பியல் பயிலும் என்னால் விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கரகரப்பு தரும் பெடலுக்கு 'ஃபஸ்' என்று பெயர். கிட்டாரிலிருந்து வரும் மின்னலையை, மின்சுற்றின் எல்லைக்கு மேல் பெருக்கினால் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. விநாடிக்கு 110 அதிர்வுகள் கொண்ட தூய அலையின் இரு பக்க முகடுகளும் சமமாக வெட்டப்பட்டால், 330, 550, 770 என ஒற்றைப்படை மடங்குகளில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. விடுமுறை முடிந்ததும் பெடலை நம் ஆய்வக சி.ஆர்.ஓ.வில் இணைத்து, முகடுகள் தட்டையாவதைக் கண்ணாரக் கண்டேன்.

இது பழுதில் பிறந்த ஒலி. மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961இல் வெளிவந்த 'டோன்ட் வொரி' என்ற அமெரிக்கப் பாடலின் ஒலிப்பதிவில் சாதனம் ஒன்று பழுதாகி, கிட்டார் கரகரத்தது. அதை நீக்காமலே வெளியிட்டனர். அவ்வொலியை வேண்டும்போது பெறுவதற்காக 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' பெடல் வந்தது.

இரண்டாவது பெடல் 'டிலே'. ஒலியை எண்களாக நினைவகத்தில் வைத்து, நாம் குறிக்கும் நேரம் கழித்துத் திரும்ப ஒலிக்கும். எங்கள் வீட்டின் எதிரே பள்ளத்துக்கு அப்பால் பாறைச் சரிவு ஒன்று உண்டு. தந்தியை ஓங்கி மீட்டி, பெடலின் எதிரொலியும் பாறையின் எதிரொலியும் ஒன்றாகக் கேட்கும்வரை குமிழைத் திருப்பினோம். திரையில் 800 மில்லி விநாடி. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், போய்வந்த தூரம் 272 மீட்டர். பாறை 136 மீட்டர் தொலைவில் உள்ளது. சரிபார்க்க 17 மீட்டர் பின்னால் நகர்ந்தோம். ஏறத்தாழ 900 காட்டியது. கணக்கும் அதையே கூறுகிறது!

இனித் தாத்தாவின் கேள்விக்கு வருவோம். நம் தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் நூலிழை செருகுகிறார்கள் அல்லவா? அதனால் தந்தி குதிரையின் வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு அதிர்கிறது. மீட்டும் இடத்தில் கணு உடைய மேற்சுரம் எழாது என்பது பழைய விதி. தம்புராவில் அதுவும் எழுகிறது என்று சர் சி.வி. இராமன் 1921இல் விளக்கினார். தம்புராவின் ரீங்காரமும் தூய ஒலியை மாற்றிப் பெற்றதே.

தீபாவளிக்கு அண்ணனும் வந்திருந்தபோது இதைத் தாத்தாவிடம் கூறினேன். மீண்டும் வாசிக்கச் சொன்னார். சிறிது கேட்டுவிட்டு, "கொஞ்சம் குறைச்சு வை" என்றார். குமிழைக் குறைத்தோம். கரகரப்பினூடே தந்தியின் இனிமையும் கேட்டது. "இப்போ சரி" என்றார் தாத்தா. எந்த அளவில் முகடு வெட்டுப்படும் என்பதை நான் கணக்கிட்டுவிடுவேன். எவ்வளவு போதும் என்பதை அவர் காதுதான் கூறியது.