விடிவெள்ளியும் மாலை வெள்ளியும்



அதிகாலைத் திருப்பலிக்குப் புறப்படும் வேளையில் கிழக்கு வானில் தனித்துச் சுடர்விடும் விடிவெள்ளியைக் கண்டிருப்பீர்கள். வேறு சில மாதங்களில், பொழுது சாய்ந்ததும் மேற்கே அதே போன்ற ஒளியொன்று தோன்றும். இவை இரண்டா, ஒன்றா?

முன்னேஸ்வரத்திலும் சிலாபக் கரையிலும் வாழ்வோர் இதற்குத் தம் கண்களாலேயே விடை காணலாம். கிழக்கே தென்னந்தோட்டங்கள், மேற்கே திறந்த கடல். இரண்டும் ஒன்றே. அது விண்மீன் அன்று. வெள்ளிக்கிழமைக்குப் பெயர் தந்த வெள்ளி என்னும் கிரகம்.

வெள்ளி, பூமியின் பாதைக்கு உட்புறமாக 225 நாட்களில் சூரியனைச் சுற்றுகிறது. ஆகவே அது நம் பார்வையில் சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஐந்து முட்டித் தூரத்திற்குள் வெள்ளி அடங்கிவிடும். நம் நாட்டில் நள்ளிரவில் அதைக் காண முடியாததன் காரணம் இதுவே.

ஏறக்குறைய எட்டரை மாதம் மாலையில் தெரியும். பின் சில நாட்கள் மறைந்து, கிழக்கே விடிவெள்ளியாக எழும். மீண்டும் எட்டரை மாதம் சென்றபின் சூரியனுக்கு அப்பால் போய், ஏழு வாரமளவில் கண்ணுக்கு மறைந்திருக்கும். இந்தச் சுற்று முழுவதற்கும் 584 நாட்கள். ஐந்து சுற்றுக்கு ஏறத்தாழ 8 ஆண்டுகள். புதுநன்மை வாங்கும் ஆண்டில் உங்கள் பிள்ளை வெள்ளியின் இடத்தை நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். 8 ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்களில், அநேகமாக அதே இடத்தில் அதைக் காணும். ஆனால் சூரியன் வானில் இருக்கும்போது தொலைநோக்கியால் வெள்ளியைத் தேட வேண்டாம், கண்பார்வை போய்விடும்.

1610இன் இறுதியில் கலிலேயோ தொலைநோக்கியால் பார்த்தபோது, வெள்ளியும் சந்திரனைப் போல வளர்ந்து தேய்வதைக் கண்டார். அது சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு இதுவே சான்று. உண்மைதானா என்று 1611இல் கர்தினால் பெல்லார்மீன் வினவினார். உரோமைக் கல்லூரியின் இயேசு சபைக் குரு கிளாவியுசும் அவர் தோழர்களும் தாமே பார்த்தறிந்து, ஆம் என்று சாட்சி கூறினர். பழைய கருத்துக்கு மாறாக இருந்தும் கண்டதை அவர்கள் மறைக்கவில்லை. விசுவாசம் உண்மைக்கு அஞ்சுவதில்லை.

வளர்வதும் தேய்வதும் இன்னொன்றையும் காட்டுகின்றன: வெள்ளிக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனிடம் பெற்றதையே நமக்குத் தருகிறது. திருவெளிப்பாட்டின் இறுதி அதிகாரத்தில் (22:16) நம் ஆண்டவர் தம்மையே விடிவெள்ளி என்கிறார். தேவதாயின் பிரார்த்தனையிலும் அன்னையை அப்பெயரால் அழைக்கிறோம். அன்னையின் ஒளி மகனிடம் பெற்ற ஒளி, நம்முடையதும் அப்படியே.

வெள்ளியைக் காணாத நாட்களில் அது அழிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். சூரியனுக்கு அருகே இருப்பதாலேயே அது தெரியவில்லை. இன்று மாலை பிள்ளைகளோடு கடற்கரைக்குச் சென்று மேற்கே பாருங்கள். அங்கே இல்லையெனில், நாளை விடியுமுன் கிழக்கே பாருங்கள்.