பழைய கம்ப்யூட்டர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

மூத்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய கம்ப்யூட்டரை இன்று இளைய பிள்ளை பயன்படுத்துகிறது. ஆன் செய்தால் திரை வரவே ஐந்து நிமிடம் ஆகிறது. கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில், பாதிப் பக்கம் நிரப்பியதும் அப்படியே நின்றுவிடுகிறது. கடைக்கு எடுத்துப் போனால் ஒருவர், "இது ரொம்பப் பழசு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். அடுத்த கடைக்காரர், "ராம் போட்டால் போதும்" என்கிறார். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் வாப்பாவும் உம்மாவும் குழம்புகிறார்கள். நம்மில் பல வீடுகளில் இதுதான் நிலை.

இந்த முடிவை எடுக்கத் தொழில்நுட்பப் படிப்பு தேவையில்லை. ஐந்து படிகளை வரிசையாகப் பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வயதை வைத்து மட்டும் எந்தக் கம்ப்யூட்டரையும் ஒதுக்கக் கூடாது. எந்தப் பாகம் பழுது, அதைச் சரிசெய்தால் இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்பவைதான் முக்கியம்.

படி 1: முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

கம்ப்யூட்டரைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதற்குள் இருக்கும் நிக்காஹ் படங்கள், மறைந்த பெரியவர்களின் குரல் பதிவுகள், சான்றிதழ் நகல்கள், கடைக் கணக்கு ஆகியவற்றை எங்கும் வாங்க முடியாது. ஆகவே கடைக்குக் கொண்டு போகும் முன் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ இருக்கட்டும். முக்கியமான ஆவணங்கள் மட்டும் கூகுள் டிரைவிலும் இருக்கட்டும். ஒரு கணக்குக்கு 15 ஜிபி வரை அங்கே இலவசம்.

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து "டக் டக்" என்று சத்தம் வந்தால் ஹார்டு டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். அப்போது அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தால் மீட்கக்கூடியதும் மீட்க முடியாமல் போகும்.

படி 2: யாருக்கு என்ன வேலை?

வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்து, இந்தக் கம்ப்யூட்டரில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தட்டச்சு, இணையத்தில் படிப்பது, ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பம் நிரப்புவது, பிரிண்ட் எடுப்பது ஆகியவை இலகுவான வேலைகள். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர்கள் பலவும், சரியாகப் பராமரித்தால், இவற்றைச் செய்யும். வீடியோ எடிட்டிங், கட்டட வரைபட மென்பொருள், பொறியியல் பாட மென்பொருள் போன்றவை கனமான வேலைகள். இவை வேண்டுமென்றால் பழையதில் செலவழிப்பது பலன் தராது. கல்லூரி கேட்கும் மென்பொருளின் பெயரையும் அதற்குத் தேவையான அளவுகளையும் பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: பழுது எங்கே?

"கம்ப்யூட்டர் ஸ்லோ" என்பது நோயின் பெயரல்ல, அறிகுறி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் அதைத் திறந்து பாருங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று இடங்களில் சதவீதம் காட்டும். எது 100ஐ ஒட்டியே நிற்கிறதோ, அங்கேதான் நெருக்கடி.

• டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆன் ஆகவே வெகுநேரம் ஆகிறது: பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணமாக இருக்கும். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, ஒரு ஊசிமுனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. பழைய கம்ப்யூட்டரில் மிகப் பெரிய வித்தியாசம் தெரிவது இந்த ஒரு மாற்றத்தில்தான்.

• மெமரி 90 சதவீதத்தைத் தாண்டுகிறது, நாலைந்து பக்கங்கள் திறந்தாலே திணறுகிறது: ராம் போதவில்லை. டிடிஆர்3 இருந்த இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. சில லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

• ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் மாறிவிடுகிறது: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் வங்கி, அரசு இணையதளங்கள்கூடப் "பாதுகாப்பற்றது" என்று காட்டித் திறக்க மறுக்கும். மிகச் சிறிய செலவில் தீரும் பழுது இது.

• கொஞ்ச நேரம் ஓடித் தானாக அணைகிறது, விசிறி இரைகிறது: உள்ளே தூசி அடைத்து, பிராசஸர் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சுத்தம் செய்து புதிதாகப் பூசினால் பெரும்பாலும் சரியாகும்.

• பீப் சத்தம் மட்டும் வருகிறது, திரை இருட்டு: பல நேரம் ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே தீரும்.

• உயிரே இல்லை: முதலில் பிளக், யுபிஎஸ், ஒயர், லேப்டாப் என்றால் அடாப்டர். அடுத்து டெஸ்க்டாப்பின் எஸ்எம்பிஎஸ். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

• லேப்டாப் பேட்டரி உப்பியிருக்கிறது: உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பழுது பார்க்கத் தக்கவை. லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டால், அல்லது திரை, கீல், பேட்டரி மூன்றும் ஒன்றாகப் போய்விட்டால் நிலைமை வேறு. அங்கே படி 5இல் வரும் கணக்குதான் முடிவு சொல்லும்.

படி 4: விண்டோஸ் இன்னும் பாதுகாப்பாக இருக்கிறதா?

பாகங்கள் நன்றாக இருந்தும் ஒரு கம்ப்யூட்டர் பழசாகிவிடுவதற்கு இது ஒரு காரணம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அது தற்காலிக அவகாசம்தான். வங்கிக் கணக்கு, ஆதார் சம்பந்தப்பட்ட வேலை செய்யும் வீடுகள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

விண்டோஸ் 11க்கு மாற 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவற்றோடு, அங்கீகரிக்கப்பட்ட பிராசஸரும் வேண்டும். இன்டெல் கோர் வகையில், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறை முதல்தான் ஏற்கப்படும். தலைமுறையை அறிவது எளிது. ஐ5-7200யு என்றால் கோட்டுக்குப் பின் வரும் 7, ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. அந்த எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படியுங்கள்: ஐ3-10110யு பத்தாம் தலைமுறை. ஏஎம்டி என்றாலும் சந்தேகம் என்றாலும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் "பிசி ஹெல்த் செக்" செயலியை ஓட்டினால் அதுவே சொல்லிவிடும்.

ஏற்கவில்லை என்றால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவை இலவசம். இணையம், தமிழ்த் தட்டச்சு, லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் அவற்றில் உண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களில் ஆரம்ப வருடங்களுக்கு உரியவை விண்டோஸ் 11ஐ ஏற்காது. அவற்றில் பல, எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால், பள்ளிப் பிள்ளைக்குத் தட்டச்சுக்கும் வாசிப்புக்கும் உதவும். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, பிரிண்டர், வைஃபை வேலை செய்கிறதா என்று உறுதிசெய்த பிறகு பதியலாம். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பியிருக்கும் வியாபாரிக்கு மட்டும் இது பொருந்தாது.

சில கடைகளில் திருட்டு விண்டோஸைப் போட்டு "ஆக்டிவேட் பண்ணியாச்சு" என்று தருவார்கள். அடுத்தவர் உழைப்பைக் களவாக எடுப்பது ஒரு பக்கம். அதோடு வைரஸும் சேர்ந்து வரக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: வருடக் கணக்கு

பலர் 4,500 ரூபாயையும் 36,000 ரூபாயையும் நேராக ஒப்பிடுகிறார்கள். அது சரியான ஒப்பீடு அல்ல. செலவை, அது உழைக்கப்போகும் வருடங்களால் வகுக்க வேண்டும். கீழே உள்ள தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்ள மட்டுமே. உங்கள் கடையில் கேட்ட விலையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் வீடு: டெஸ்க்டாப், விண்டோஸ் 11 ஏற்கும், ஹார்டு டிஸ்க் மட்டும் பழுது. எஸ்எஸ்டி, சுத்தம், கூலி சேர்த்து 4,500 ரூபாய். மூன்று வருடம் உழைத்தால் வருடத்துக்கு 1,500. புதியது 36,000, ஆறு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 6,000. பழுது பார்ப்பதே லாபம்.

இரண்டாம் வீடு: ஒன்பது வருட லேப்டாப், மதர்போர்டு போய்விட்டது. மாற்ற 9,000 ரூபாய். பேட்டரியும் திரையும் பழசு என்பதால் ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. வருடத்துக்கு 9,000. புதியதைவிட இதுதான் அதிக விலை.

இந்தக் கணக்கோடு இரண்டு விஷயங்களையும் பாருங்கள். எஸ்எஸ்டி, மானிட்டர், கீபோர்டு போன்றவற்றைப் பெரும்பாலும் அடுத்த கம்ப்யூட்டருக்கும் எடுத்துச் செல்லலாம், அவற்றில் போட்ட பணம் வீணாகாது. லேப்டாப் மதர்போர்டுக்குப் போட்ட பணம் அந்த லேப்டாப்போடு போய்விடும். இரண்டாவது, "போன வருடம்தானே 3,000 செலவழித்தோம்" என்பதற்காக மறுபடி செலவழிக்காதீர்கள். போன பணம் போனதுதான். இனி போடும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே கேள்வி.

தவணை பற்றி ஒரு வார்த்தை

வட்டியைத் தவிர்க்கும் குடும்பங்கள் "நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற விளம்பரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இத்தகைய திட்டங்களில் வங்கி வட்டியைப் போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி தருகிறார். வட்டிக்கான ஜிஎஸ்டியும் பரிசீலனைக் கட்டணமும் நம் தலையில் விழலாம். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. சீட்டில் வட்டி என்று தனி வரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் வீட்டின் கணக்கில் இன்னொரு பலனும் இருக்கிறது. 4,500 ரூபாயில் மூன்று வருட அவகாசம் கிடைத்தது. அந்த மூன்று வருடமும் மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கினால் 36,000 சேர்ந்துவிடும். பழுது பார்த்ததால் புதிய கம்ப்யூட்டரைக் கடனில்லாமல் வாங்கும் காலம் கையில் கிடைத்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.
2. மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள்.
3. பெண்பிள்ளைகளின் படங்கள், குடும்பப் படங்கள் இருந்தால் நகல் எடுத்தபின் அதிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். நீக்கியதையும் மீட்க முடியும் என்பதால், முடிந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள், அல்லது கூடவே இருந்து பாருங்கள்.
4. ஜிமெயில், வாட்ஸ்அப் வெப் ஆகியவற்றிலிருந்து வெளியேறிவிடுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள்.
5. பயன்படுத்திய லேப்டாப் வாங்குவதாக இருந்தால், பிராசஸர் தலைமுறையை நீங்களே திரையில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பழையதை என்ன செய்வது?

ஓடும் நிலையில் இருந்தால் தேவையுள்ள மாணவருக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் அகற்றுவதோடு, டிஸ்க்கைத் துடைக்கும் தேர்வையும் சேர்த்துச் செய்யுங்கள். அறவே ஓடாது என்றால் குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது. அதில் ஈயம் உள்ளிட்ட நச்சுப் பொருள்கள் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும்.

இந்த வாரம் வீட்டில் செய்து பாருங்கள்

• முக்கியக் கோப்புகளுக்கு இரண்டு நகல் இருக்கிறதா?
• திணறும்போது டாஸ்க் மேனேஜர் எதை 100 சதவீதம் காட்டுகிறது?
• பிராசஸர் எத்தனையாவது தலைமுறை?
• பழுதுக்கு வருடத்துக்கு எவ்வளவு, புதியதற்கு எவ்வளவு?

பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கேட்பதைத் தெரிந்து கேட்கும் வாடிக்கையாளரிடம் தேவையில்லாத பாகத்தை விற்பது யாருக்கும் கடினம்.