பட்டாசுப் பாதுகாப்புக்குக் குரல் கொடுக்க வரும் பிள்ளைகளுக்கு



பட்டாசுத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் இன்னும் கண்டிப்பான சட்டம் வேண்டும் என்று கேட்கக் கிளம்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆலை வெடித்தால் இரண்டு நாள் செய்தி வரும். நிவாரணம் அறிவிப்பார்கள். போர்மேன் கைதாவார். கொஞ்ச நாளில் பக்கத்து ஊரில் இன்னொன்று வெடிக்கும். இதை நிறுத்தக் கோபம் மட்டும் போதாது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பது தெரிய வேண்டும். மனுவும் கையுமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. சட்டத்தை முதலில் படியுங்கள்.

மேடை ஏறும் முன் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தையும், 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளையும் கையில் எடுங்கள். ஆலை உரிமங்கள் மருந்தின் அளவைப் பொறுத்து மூன்று இடங்களில் தரப்படுகின்றன. சிவகாசிப் பக்கம் கேட்டால் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்று எந்தத் தொழிலாளியும் பிரித்துச் சொல்வார். நாக்பூர் என்றால் பெசோ என்னும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம். சென்னை என்றால் அதன் கிளை அலுவலகம். டிஆர்ஓ என்றால் மாவட்ட வருவாய் அலுவலர். டிஆர்ஓ ஆலையின் குறைக்கு நாக்பூருக்கு மனுப் போட்டால் அது சுற்றிச் சுற்றி வந்து உங்கள் மேசையிலேயே விழும். எந்த ஆலை யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

2. கோரிக்கையைக் கூர்மையாக்குங்கள்.

"கடும் நடவடிக்கை வேண்டும்" என்று எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அதோடு முடிந்தது. எந்தப் பிரிவு, என்ன மாற்றம் என்று எழுதுங்கள். ஓர் உதாரணம் தருகிறேன். வெடிபொருள் சட்டத்தில் 1978-ல் சேர்க்கப்பட்ட 9பி பிரிவின்படி, விதியை மீறிப் பட்டாசு தயாரித்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். விதியை மீறி வைத்திருந்தாலோ விற்றாலோ இரண்டாண்டு வரை சிறை அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம். அந்த மூவாயிரத்துக்கு இன்று ஒரு வீட்டுத் தீபாவளிக்கே முழுசாகப் பட்டாசு வராது. பெரிய விபத்து என்றால் வேறு பிரிவுகளும் சேரும். ஆனால் உயிர் போவதற்கு முன்னால் பிடிபடும் விதிமீறலுக்கு விலை இவ்வளவுதான். பழைய சட்டத்துக்கு மாற்றாக 2024-ல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அபராதத்தைக் கணிசமாக உயர்த்தும் யோசனை அதில் இருந்தது. இப்படிக் கருத்துக் கேட்கும் வாய்ப்பு ஒவ்வொன்றிலும் உங்கள் கடிதம் பிரிவு எண்ணோடு போய்ச் சேர வேண்டும்.

3. தொழிலாளி வீட்டுத் திண்ணையில் தொடங்குங்கள்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. வெள்ளாமை பொய்த்த ஊர்களில் அடுப்பு எரிய வைத்தது தீப்பெட்டியும் பட்டாசும்தான். அந்த ஊர்களுக்கு ஆலையை மூடச் சொல்லும் ஆட்களாகப் போய் நிற்காதீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து வேனில் வந்து இறங்கும் அக்காமாரைப் பாருங்கள். கை வெள்ளி பூசினாற்போல மின்னும். அது அலுமினியப் பவுடர். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். அவர்களுக்கு வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விடச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஒழுங்காக விதிப்படி ஆலை நடத்தும் முதலாளிகளும் இருக்கிறார்கள். விதியை மீறுகிறவன் மலிவாக விற்று அவர்கள் பிழைப்பையும் கெடுக்கிறான். அவர்களையும் போய்ப் பாருங்கள்.

4. உள்குத்தகையை விடாமல் பிடியுங்கள்.

உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறை அறையாகப் பிரித்து வேறு ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார். குத்தகைக்காரர் கொடுத்த பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். அங்கே தொடங்குகிறது அவசரம். மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது நிபந்தனை. ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாமல் மரத்தடியில் ஃபேன்சி ரகத்துக்கு மருந்து அடைப்பார்கள். அன்று கலந்த மருந்தை அன்றே முடிக்க வேண்டும். மீந்ததை மூடி வைத்துவிட்டுப் போனால், ஈரம் பட்டு உள்ளுக்குள் சூடேறி, மறுநாள் காலை தொட்டதும் வெடிக்கும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆலையும் இப்படிப் பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டதுதான். உராய்வு என்று முதல் தகவல் அறிக்கையில் ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த உராய்வுக்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். குத்தகைக்கு விட்டது தெரிந்தால் உரிமம் நிரந்தரமாக ரத்து. ஒவ்வோர் அறையையும் இன்று நடத்துவது யார் என்று பதிவேடு. இந்த இரண்டும் உங்கள் மனுவில் கட்டாயம் இருக்கட்டும்.

5. கடையை அளவு நாடாவோடு பாருங்கள்.

ஆலையில்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். 2009-ல் தீபாவளிக்கு முந்தின நாள் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் பட்டாசுக் கடையில் பிடித்த தீயில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை ஒட்டிய கர்நாடகத்து அத்திப்பள்ளியில் ஒரு கடையும் கிடங்கும் எரிந்ததில் இறந்தவர்களில் பலர், சீசன் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள்.

தற்காலிகக் கடைக்கு விதி தெளிவாக இருக்கிறது. தீப்பிடிக்காத பொருளால் ஆன கொட்டகை வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. விளக்கு சுவரிலோ கூரையிலோ பதித்திருக்க வேண்டும், தொங்கும் ஒயர் ஆகாது. 50 மீட்டருக்குள் பட்டாசு வெடித்துக் காட்டக் கூடாது.

ஒரு கடைவீதியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முகப்பில் சாமியானாத் துணி. கம்பி மத்தாப்புப் பெட்டிகளுக்கு மேலே எக்ஸ்டென்ஷன் ஒயரில் குண்டு பல்புகள். பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வடைச்சட்டி கொதிக்கிறது. உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் கடைக்காரர் பிள்ளை தூங்குகிறது. வெளியே போக ஒரே வழி, அதையும் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கி மறித்திருந்தார்கள். இப்படி ஒரு கடையைப் பார்த்தால் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அளந்து, படம் எடுத்து, தேதி நேரம் குறித்து, அன்றே தீயணைப்பு நிலையத்துக்கும் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

6. காகிதத்தைச் சேருங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குப் பெரிய துணை. மாவட்டத்தில் எத்தனை தற்காலிக உரிமம் கொடுத்தீர்கள், தீயணைப்புத் துறை நேரில் பார்த்துத் தடையின்மைச் சான்று கொடுத்த தேதி என்ன, கடந்த ஆண்டு எத்தனை ஆலைகளில் ஆய்வு நடந்தது, எத்தனை உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது, அதில் எத்தனை திரும்பக் கொடுக்கப்பட்டது, போட்ட வழக்குகளில் எத்தனையில் தண்டனை கிடைத்தது: இப்படிக் கேளுங்கள். ஒரு மனுவில் நாலைந்து கேள்வி போதும். வந்த பதிலைக் கோப்பில் போட்டு வரிசையாக வையுங்கள். நாளைக்குச் சட்டமன்ற உறுப்பினர் கேள்வி எழுப்பவும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போடவும் இந்தக் காகிதம்தான் ஆதாரம்.

7. யார் விற்கிறார், யாருக்கு விற்கிறார் என்று கேளுங்கள்.

18 வயது நிறையாதவருக்கு வெடிபொருள் விற்கக் கூடாது என்று சட்டத்தின் 6ஏ பிரிவு சொல்கிறது. தெருமுனைக் கடையில் பத்து வயதுப் பையன் காசை நீட்டி வெடி வாங்கிப் போகிறான். இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பாதி விலைக்குப் பட்டாசு என்று விளம்பரம் போனில் வந்து விழுகிறது. பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பயணிகள் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸின் அடியில் பார்சலாகப் பயணம் செய்யும் வெடிமருந்து. இந்த விற்பனையைத் தடுப்பதைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள்.

8. பண்டிகைக்கு எதிரிகள் என்ற பெயரை வாங்காதீர்கள்.

அந்த 2018 தீர்ப்பு பட்டாசை அடியோடு தடை செய்யவில்லை. பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது, பசுமைப் பட்டாசுக்கு வழிவிட்டது, வெடிக்க இரண்டு மணி நேரம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்து அறிவித்தார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை சத்த வெடி கூடாது என்ற உத்தரவு 2005-லேயே வந்துவிட்டது. தீபாவளிக்கு மட்டும் பேசினால் உங்கள் நியாயம் எடுபடாது. கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, கல்யாணம், சாவு ஊர்வலம், தலைவர் வருகை, தேர்தல் வெற்றி என எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். 2016 ஏப்ரலில் கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கையில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் பக்தியோடு கூடியவர்கள்தான். பாதுகாப்பைக் கேட்பது பக்திக்கு விரோதம் ஆகாது.

9. வெடித்த இடத்துக்கு ஓடாதீர்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முதல் வெடிக்குப் பிறகு காப்பாற்றவும் பார்க்கவும் ஓடியவர்களில் பலர் அடுத்தடுத்த வெடிகளில் மாண்டார்கள். இதை ஊர் ஊராகச் சொல்லுங்கள். உங்கள் வேலை ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, வருகைப் பதிவேட்டில் இறந்தவர் பெயர் இருக்கிறதா என்ற விவரம் ஆகிய மூன்றும் இல்லாமல் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு நகராது. கூட நின்று வாங்கிக் கொடுங்கள். தீக்காயம் பட்டவரைச் சம்மதம் இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

10. காலண்டரைப் பார்த்து வேலை செய்யுங்கள்.

ஐப்பசியில் கத்தினால் யார் காதிலும் விழாது. உரிமம் எல்லாம் கொடுத்து முடித்திருப்பார்கள். தை, மாசியிலேயே தொடங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைகள் இருக்கின்றன. கடை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று அங்கே தீர்மானம் போடச் செய்யுங்கள். வெடிபொருள் மத்தியப் பட்டியலில் வருகிறது. ஆகவே சட்டத்தை மாற்ற நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். தொழிலாளர் நலம், தீயணைப்பு, போலீஸ் மாநிலத்தின் கையில். அமலுக்கு அவர்களைப் பிடிக்க வேண்டும். இரண்டு வாசலையும் ஒரே சமயத்தில் தட்டுங்கள்.

11. மறுக்கும் உரிமையைக் கேளுங்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதிகாரி வருஷத்தில் ஒரு நாள் வருவார். அறையில் எட்டாவது ஆள் வந்து உட்காருவதை அன்றே பார்ப்பவர் அங்கே திரி செருகும் அக்காதான். நேற்றைய மருந்து மூடிக் கிடப்பது முதலில் தெரிவதும் அவருக்குத்தான். இன்று அவர் வாய் திறந்தால் நாளைக்கு வேன் அவர் வீட்டு வாசலில் நிற்காது. ஆபத்தான அறையில் உட்கார மாட்டேன் என்று சொல்லவும், சொன்னதற்காகக் கூலியோ வேலையோ போகாமல் இருக்கவும், பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்கவும் சட்டம் அவருக்கு இடம் தர வேண்டும். அபராதத்தை லட்சமாக்கினாலும், ஆய்வுக் குழுவை இரட்டிப்பாக்கினாலும், உள்ளே இருப்பவர் பேச முடியாவிட்டால் எந்த விதியும் அந்த அறைக்குள் நுழையாது. உங்கள் மேடையில் அவரை முதலில் பேசவிடுங்கள். உங்கள் மனுவில் இந்தக் கோரிக்கையை முதலில் எழுதுங்கள். இது சட்டத்தில் ஏறும் வரைக்கும் ஓயாதீர்கள்.