கடல் கடக்கும் வீடு

மார்ச்சு மாத மாலையொன்றில் கயல்விழியின் தந்தை பணிமாறுதல் ஆணையுடன் வீடு திரும்பினார். நாகபுரியில் ஆறாண்டுகள் வாழ்ந்த குடும்பம் அந்தமானின் தலைநகருக்குக் குடிபெயர வேண்டும். போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

"அங்கே தமிழ் பேசுவோர் உண்டா?" என்று அப்பத்தா வினவினார்.

"நம்மவர் பலர் வாழ்கின்றனர், அம்மா. தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன" என்றார் தந்தை.

சென்னையிலிருந்து அந்நகர் ஏறத்தாழ 1,370 கி.மீ. தொலைவில் உள்ளது. விமானம் சில மணி நேரத்தில் சென்றுவிடும். கப்பலுக்கு மூன்று நாள் வேண்டும். வீட்டுச் சாமான்கள் லாரியில் சென்னைத் துறைமுகத்தை அடைந்து, கப்பலுக்குக் காத்திருந்து, பின்னரே கடல் கடக்கும். ஆகவே, அப்பத்தாவுக்கு இரண்டு மாதங்களுக்கு வேண்டிய மருந்துகளும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கையோடு வரவேண்டும் என்று தாய் குறித்துக்கொண்டார்.

எவற்றை விட்டுச் செல்வது என்பதே கடினமாயிற்று. அத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது. ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், பிளைவுட் உப்பும், தாளில் பூஞ்சை படரும். அலமாரி விற்கப்பட்டது. ஆயினும் தண்ணீர்க் குடங்களும் டிரம்களும் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றன. அத்துணை மழை பெய்தும் கோடையில் அங்கே குடிநீர்த் தட்டுப்பாடு நேர்வதுண்டு! புதிதாகச் செல்வோர் பெரும்பாலும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இறுதியில் எஞ்சியது தகரப்பெட்டி ஒன்று. அதனுள், தாத்தா இராணுவத்திலிருந்து எழுதிய நாற்பது கடிதங்கள் இருந்தன.

"இவை அந்த ஈரத்தில் தாங்கமாட்டா, அம்மா. மதுரையில் தம்பி வீட்டில் இருக்கட்டும்."

"அவை வாராவிடில் நானும் வரவில்லை, ஐயா" என்றார் அப்பத்தா.

அன்றிரவு கயல்விழி ஒரு கடிதத்தை எடுத்து வாசிக்க முயன்றாள். யானைத் துதிக்கை போன்ற குறியொன்று அவளைத் தடுத்தது. பார்வை மங்கிய அப்பத்தா, அவள் உள்ளங்கையில் அவ்வெழுத்தை விரலால் எழுதிக் காட்டினார்.

"இது 'லை', ஆத்தா. அந்நாளில் இப்படித்தான் எழுதுவோம்."

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட வடிவம் அது. ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க அரைமணி நேரமாயிற்று. மறுநாள் கயல்விழி குறிப்பேடு ஒன்றில் கடிதங்களைப் படியெடுக்கத் தொடங்கினாள்.

லாரி வருவதற்கு முந்தைய இரவுவரை இருபத்துமூன்று கடிதங்கள் முடிந்திருந்தன. அவை பெட்டியோடு மதுரைக்குச் சென்றன. எஞ்சிய பதினேழையும் அப்பத்தா பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வினாக்கள்

1. குடங்களும் டிரம்களும் பட்டியலில் முதலிடம் பெற்றது ஏன்?
2. பதினேழு கடிதங்களை அப்பத்தா உடன் எடுத்துச் சென்றது சரியா? உன் கருத்தை எழுதுக.
3. உன் வீட்டுப் பெரியவரிடம் 'லை', 'னை' ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கேட்டு எழுதிப் பழகுக.