ரெக்கார்டு நோட்டு எழுதுவது எப்படி?



செமஸ்டர் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஹாஸ்டல் வராந்தாவில் தவறாமல் ஒரு குரல் கேட்கும். "மச்சி, பிசிக்ஸ் ரெக்கார்டு குடுடா, ராத்திரியே முடிச்சுத் தந்துடறேன்." ஒரே ரெக்கார்டு இருபது பேர் கைக்குப் போய் வரும். இருபது பேருக்கும் ஒரே ரீடிங், ஒரே விடை, சில சமயம் ஒரே எழுத்துப்பிழையும்கூட! மார்க் வந்துவிடும். ரெக்கார்டு எதற்கு என்பது மட்டும் கடைசிவரை புரியாது.

சோதனை நடந்தபோது அங்கே இல்லாத ஒருவர், நாம் எழுதியதைப் படித்து அதையே திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும். ரெக்கார்டு அதற்குத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தலைப்பில் என்ன எழுதுவது என்பது தானே விளங்கும். எல்லோருக்கும் தெரிந்த தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம்.

நோக்கம்: ஒரே வாக்கியம் போதும். "தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிதல்."

கருவிகள்: பெயரோடு அதன் மீச்சிற்றளவையும் எழுதுங்கள். ஸ்டாப் வாட்ச் 0.1 விநாடி காட்டுவதா, 0.01 காட்டுவதா? பிழையைக் கணக்கிடும்போது இது தேவைப்படும்.

சூத்திரம்: ஒவ்வொரு குறியீடும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன என்பதும் சேர்ந்ததுதான் சூத்திரம்.

செய்முறை: புத்தகத்தில் "குண்டை இழுத்து விடவும்" என்று கட்டளையாக இருக்கும். நாம் செய்து முடித்தவர்கள். எனவே "இழுத்து விடப்பட்டது, 20 அலைவுகளுக்கான நேரம் அளக்கப்பட்டது" என்று எழுத வேண்டும். நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தோம் என்பதையும் விட்டுவிடக் கூடாது.

அட்டவணை: ரெக்கார்டின் உயிர் இங்கேதான். ரீடிங்கை எடுத்த உடனே அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தப்பாகிவிட்டால் ரப்பரைத் தேட வேண்டாம். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு உதாரணம் பாருங்கள். 100 செ.மீ. ஊசல் 20 முறை ஆட நம்ம ஊரில் சுமார் 40.2 விநாடி ஆகும். ஒரு மாணவர் குண்டை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்குகிறார். ("சைபர்" என்றுதான் தொடங்க வேண்டும்.) அதனால் 19 அலைவிலேயே வாட்சை நிறுத்திவிடுகிறார். நேரம் 38.2 விநாடி. கணக்குப் போட்டால் விடை 10.82 மீ/வி². "அய்யய்யோ, 9.8 வரணுமே!" என்று 38.2-ஐ 40.2 ஆக்கிவிட்டால் கதை முடிந்தது, தப்பு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளபடி எழுதியிருந்தால், 38.2-ஐ 19-ஆல் வகுத்துப் பார்த்து எண்ணிக்கையில்தான் கோளாறு என்று ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

வரைபடமும் இப்படி உண்மை பேசும். எல்லா அளவிலும் குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நீளத்துக்கும் அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் போடும் நேர்கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் சற்று விலகி நிற்கும். ஆனால் சாய்வு மாறாது, விடையும் சரியாகவே வரும். கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளிக்கு இழுத்தால்தான் விடை கெடும்.

முடிவு: கால்குலேட்டர் காட்டுகிறதே என்று 9.7724 என்று எழுதாதீர்கள். வாட்சை அமுக்குவதில் 0.2 விநாடி முன்பின் ஆனாலே 40 விநாடியில் அது 0.5 சதவீதம். நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் 1 சதவீதம். ஆகவே "9.8 ± 0.1 மீ/வி²" என்பதே நேர்மையான விடை.

எதிர்பார்த்த விடை வராவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், வேதிப்பொருளிலிருந்து தயாரித்தது 1.251 கிராம் என்று ராலே பிரபுவுக்கு வந்தது. வித்தியாசம் அரை சதவீதம்தான். அவர் அதைத் திருத்தவில்லை. வித்தியாசம் முதலில் தென்பட்டபோதே, 1892-ல், அதை வெளியிட்டு விளக்கம் கேட்டார். அதைத் தொடர்ந்து 1894-ல் அவரும் ராம்சேயும் ஆர்கான் வாயுவைக் கண்டார்கள். 1904-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எழுதும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். அட்டவணை, கணக்கு, வரைபடம், முடிவு இவற்றை அன்றைக்கே முடியுங்கள். நோக்கமும் சூத்திரமும் காத்திருக்கும், ஞாபகம் காத்திருக்காது. அப்படி எழுதியவருக்கு வைவாவில் எக்ஸ்டர்னல் எந்தக் கேள்வி கேட்டாலும் பயமில்லை.

நாளைக்கு நம்மில் ஒருவர் கட்டுமான இடத்தில் கான்கிரீட் கியூப் டெஸ்ட் எடுப்பார். எம்-20 கலவையில் வார்த்த 150 மி.மீ. கியூப் 28-ம் நாள் 450 கிலோநியூட்டனாவது தாங்க வேண்டும். மெஷின் 380 காட்டினால் 380 என்றே எழுதும் கை வேண்டும். அந்தத் தளத்தின் கீழேதான் யாரோ ஒரு குடும்பம் தூங்கப் போகிறது. அந்தக் கைக்குப் பழக்கம் வருவது இந்த லேப் மேஜையில்தான், நண்பர்களே!